மூக்கு விட்ட சேனை

மூக்கு விட்டிருந்தது, அடுப்பு மேடைக்குக் கீழே வெங்காயக் கூடையின் அடியில், சருகாகிப் போன தோல்களுக்கும் சுருங்கிய இஞ்சிக்கும் நடுவே, தூரப் போட மறந்துபோன சேனைக்கிழங்கின் தலைத் துண்டு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், வெட்டுப்பட்ட பக்கம் காய்ந்து பலகையாகிவிட்டது, மறுபக்கத்துக் குழிக்குள்ளிருந்து கட்டைவிரல் பருமனில் இளஞ்சிவப்பாய் ஒரு முளை மூக்கு, பிறந்த பிள்ளையின் குதிகால் நிறம், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை, இருட்டில் கிடந்து தன்பாட்டுக்கு விட்டிருக்கிறது, ஆவுடை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்க்கிறாள், பின்னால் அவள் புருஷன் நெல்லையப்பன் குப்பைக் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஏளா, இருவத்திரெண்டு நாளா நீ வீட்டுல இல்ல, எல்லாம் அழுகிக் கெடக்கும், கூடையோட கவுத்து விடு என்கிறார், அவள் கவிழ்க்கவில்லை. அது சித்திரை மாதம், அண்ணனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதினாறு முடித்துவிட்டு, அண்ணன் பெண்டாட்டி பிரமு மைனியை ஒரு வாரம் தேற்றிவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து அவள் திரும்பி வந்த காலை.

இப்போது மார்கழி முடிய மூன்று நாள் இருக்கிறது, சித்திரையும் மார்கழியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவள் தலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன, அவள் உட்கார்ந்திருப்பதோ தாம்பரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம், இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு பழைய சாக்கு, அதில் நீலப் பெயின்டால் எழுதிய சொ.மு. என்ற எழுத்து பாதி அழிந்திருக்கிறது, அதன் வாயைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை, அம்பத்தூரில் ஏறும்போதே கண்டக்டர் அதப் பின்னால வச்சிருங்கம்மா என்றார், இருக்கட்டும்பா, காலடியிலயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள், இரண்டு சீட் தள்ளி நெல்லையப்பன் மடியில் புது வெண்கலப் பானையும் காலடியில் அரிசிப் பையும் தோளில் சாய்த்த கரும்புமாக உட்கார்ந்திருக்கிறார், கரும்புத் தோகை முன்சீட்டுக்காரர் காதில் உரச உரச இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறார். போகிற இடம் சேலையூர், அண்ணன் மகள் கோமதி வாழ்க்கைப்பட்ட வீடு, அவளுக்கு இது தலைப்பொங்கல், பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, கிழங்கு வகை எல்லாம் படி என்கிற சீராக வந்து இறங்க வேண்டிய பொங்கல், கொண்டுவந்து இறக்க வேண்டிய அப்பன் போன பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பொங்கல் கிடையாது, கோமதியின் மாமியார் மரகதம் போனிலேயே சொல்லிவிட்டாள், துக்க வீட்டுலருந்து தலைப்பொங்கலுக்கு ஒண்ணும் வர வேண்டாம், நாங்க தப்பா நெனைக்க மாட்டோம் என்று. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குத்தான் ஆவுடை சாக்கோடு போகிறாள். வாசல்லயே நிறுத்திட்டாங்கன்னா என்ன செய்வ என்று நேற்று நெல்லையப்பன் கேட்டார், நிப்பேன் என்றாள்.

அண்ணன் இப்படித்தான் வருவார், இதே போலச் சாக்கோடு, ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும், திருநெல்வேலியில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து அம்பத்தூர் வந்து, மூன்று மாடி ஏறி, இருபத்தாறு வருஷம் ஒரு வருஷம் தவறவில்லை, சொரிமுத்து என்றால் அம்பாசமுத்திரத்தில் மாவு மில் சொரிமுத்து, குளித்துவிட்டு ரயிலேறினாலும் புருவத்திலும் காது மடலிலும் மாவு ஒட்டியிருக்கும், பாதி கிழவனாகவும் பாதி வாலிபனாகவும் வாசலில் நிற்பார், ஏட்டி ஆவுடை, தண்ணி கொண்டா என்று சொல்லிக்கொண்டே சாக்கைக் கூடத்தில் சரிப்பார், மில்லில் மல்லியும் மிளகாயும் கிடந்த சாக்கு, வாயை அவிழ்த்ததும் நெல்லையப்பன் முதல் தும்மல் போடுவார், அடுத்தது அவள், மூன்றாவது அண்ணனே, தும்மிக்கொண்டே சேனையை எடுத்து வைப்பார், சேம்பு, சிறுகிழங்கு, இஞ்சி, மண் உதிராத மஞ்சள் கொத்து, ஒவ்வொன்றாய் எடுத்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார், அவள் முகத்தில் என்ன இருந்தது, இருபத்தைந்து வருஷம் சந்தோஷம் இருந்தது, இருபத்தாறாவது வருஷம் படிக்கட்டு முழுக்கச் சிந்திய மண்ணைக் கூட்டிவிட்டு வந்த எரிச்சல் இருந்தது. எதுக்குண்ணே இந்தச் சுமை, இங்க இல்லாத கிழங்கா, கோயம்பேட்டுல எல்லாம் கெடக்கு, அடுத்த வருசம் வெறுங்கையோட வாங்க போதும் என்றாள், அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார், வெறுங்கையோட வந்தா நான் யாருட்டி, விருந்தாளியா என்றார், காபியை ஆற்றிக் குடித்தார், சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு சுடுசொல்லும் இல்லை, கூடப்பிறந்தவர்கள் ஆயிரம் பேசுவார்கள், ஆனால் அதற்கு அப்புறம் அவர் வரவில்லை, எழுபது நாள் கழித்து மில்லில் கடைசிக் கல்லை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அவருக்கு அவள் நேருக்கு நேர் சொன்ன கடைசிப் பேச்சு இங்க இல்லாத கிழங்கா என்பதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அவளைப் பிடிக்காமல் போகிறது.

ஆகவேதான் கவிழ்க்கவில்லை, சித்திரையில், நெல்லையப்பன் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்க நிற்க, கூடையைத் தலைகீழாக்காமல் கையால் துழாவி ஒவ்வொன்றாய் எடுத்தாள், சேனைத் தலை ஒன்று, முளைகட்டிய சேம்பு நாலு, இஞ்சி இரண்டு கணு, பானையில் கட்டி அவிழ்த்து ஜன்னல் கம்பியில் மாட்டிய மஞ்சள் கொத்திலிருந்து விரல் மஞ்சள் ஐந்து, சுருங்கிச் சுருங்கிப் புளியங்கொட்டை அளவாகிவிட்ட சிறுகிழங்கு ஒரு கை, இவ்வளவுதான் அண்ணன் கொண்டுவந்ததில் மிச்சம், மற்றதெல்லாம் கூட்டாகவும் பொரியலாகவும் போய்விட்டது. என்னத்துக்கு இது என்றார், வளக்கப் போறேன் என்றாள், மூணாவது மாடியிலயா என்றார், ஆமா என்றாள், அவர் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் எங்கிருந்தோ இரண்டு மூட்டைச் செம்மண்ணும் ஒரு பை காய்ந்த சாணியும் கொண்டுவந்து போட்டார், மூன்று மாடியும் சுமந்து வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவரும் தோளைத்தான் தேய்த்தார். சேனைக்குப் பெரிய தொட்டி வேண்டும் என்று அவர் சொன்னபோது அவள் பரண்மேல் மடித்து வைத்திருந்த அண்ணனின் சாக்கை எடுத்தாள், உதறினாள், தும்மினாள், அப்போதும் மிளகாய் வாசனை இருந்தது, அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு பாதிக்கு மண் ரொப்பி, மூக்கை மேல் பார்க்க வைத்து, நாலு விரல் மண் போட்டு மூடி, பால்கனியில் வெயில் விழுகிற மூலையில் நிறுத்தினாள். மூடும்போது ஒரு மாதிரி இருந்தது, ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக மண் போடுகிறோமே என்று.

கை சும்மா இருக்குமா, ஒன்று வைத்தால் இன்னொன்று வைக்கச் சொல்கிறது, ஈரத்தை எவ்வளவு விடுவது வெயிலை எவ்வளவு காட்டுவது என்று தெரியாமல் சேனையில் போய்ப் பரீட்சை பார்க்க அவளுக்குப் பயம், அதனால் சமையலில் கழிகிற எல்லாவற்றையும் பரீட்சைக்கு எடுத்தாள், புதினாவின் இலையைக் கிள்ளிவிட்டுக் குச்சியைத் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள், ஆறாம் நாள் வெள்ளை மயிராய் வேர் விட்டது, வெங்காயத்தாளின் அடிக்கட்டையைத் தயிர் டப்பாவில் நட்டாள், நறுக்க நறுக்க வந்தது, முள்ளங்கித் தலையைச் சாஸரில் வைத்தாள், பூண்டுப் பல், கொத்தமல்லி வேர், கீரைத்தண்டின் அடி, ஜன்னல் விளிம்பு முழுக்க டப்பாவும் கிண்ணமும், குக்கர் வைக்க இடமில்லை, கேரட் தலை பச்சைப்பசேல் என்று தழைத்தபோது நெல்லையப்பன் ஆபீஸ் நண்பருக்கெல்லாம் போட்டோ அனுப்பினார், எப்பளா கேரட் வரும் என்று தினம் கேட்டார், ஒரு மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் அதே அரை வட்டத் துண்டு, தழை மட்டும்தான் வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது, போட்டோ அனுப்பியவர் பாடு திண்டாட்டம், ஒரு வாரம் ஆபீஸில் அவருக்குக் கேரட் என்றே பெயர். சேனையின் மூக்கு வைகாசிக் கடைசியில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது, ஒற்றைத் தண்டு, பாம்புத் தோல் போலப் புள்ளி புள்ளியாய், அதன் தலையில் ஒரு குடை, சேம்பு நாலும் இலை விரித்தது, மஞ்சள் வாழைக்கன்றாட்டம் நின்றது, சிறுகிழங்கும் கொடிவிட்டு வாசனையாய்ப் படர்ந்தது, எல்லாம் வந்துவிட்டது, அண்ணன் கொண்டுவந்த அத்தனையும் பால்கனியில் உயிரோடு நின்றது. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள், செடிக்குக் கஞ்சி ஊற்றினால் நல்லது என்று நாலு பேர் சொல்லக் கேட்டு, வடித்த கஞ்சியை ஆறவைத்து, முதலில் சிறுகிழங்குக்கு என்று ஐந்து நாள் ஊற்றினாள், அவர்கள் வீட்டுப் பழக்கம் உலையிலேயே உப்புப் போட்டு வடிப்பது, அவள் அம்மா அப்படி, மைனி அப்படி, அவளும் அப்படி, போடுகிற கைக்குப் போடுகிறோம் என்ற நினைப்பே கிடையாது, ஆறாம் நாள் காலை கொடி கருகிக் கிடந்தது, மண்ணை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது. அண்ணன் கொண்டுவந்ததுல ஒண்ண என் கையாலயே கொன்னுட்டேன் என்று சாயங்காலம் நெல்லையப்பனிடம் சொன்னாள்.

அதுவரைக்கும்கூட அது ஆற்றாமைக்குச் செய்த வேலைதான், எதற்காக வளர்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது, தெரிந்தது கோமதி போன் செய்த அன்று. அண்ணன் இருக்கும்போதே நிச்சயம் பண்ணிய கல்யாணம், வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆவணியில் மேளச் சத்தமில்லாமல் நடந்தது, அப்பன் செத்ததிலிருந்து அந்தப் பிள்ளை அழுது யாரும் பார்க்கவில்லை, பிணத்தை எடுக்கும்போது அழவில்லை, தாலி கட்டும்போது அழவில்லை, மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்ட்டீங்களா என்று கேட்டுக்கொண்டு நின்றது, தலை தீபாவளிக்கு அம்மா வீட்டில் எண்ணெய் வைக்க வழியில்லை, சேலையூரிலேயே இருந்துகொண்டது, தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் போனில் அது இது என்று பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், அத்த, எனக்குப் படியும் வராதுல்லா என்று கேட்டது, குரலில் ஒன்றுமே இல்லை, பால் வந்துட்டா என்று கேட்பதுபோல. பால்கனியில் சேனை குடை விரித்து நின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஆவுடை, வரும்ட்டி என்றாள், யார் கொண்டாருவா என்றது, உங்கப்பா குடுத்து விட்டது என்கிட்ட இருக்கு, நான் கொண்டாருவேன் என்றாள். மறுநாளே மைனிக்குப் பேசினாள், பிரமு மைனி வேண்டவே வேண்டாம் என்றாள், அந்த அம்மா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க ஆவுடை, துக்க வீட்டுச் சாமான் வேண்டாம்னு, நீ கொண்டு போய் நின்னு, அவங்க ஒரு சொல் சொல்லி, நாளைக்கு அந்த வீட்டுல வாழப் போறது என் புள்ள, நீ இல்ல. அதுவும் நியாயம்தான், மைனி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, இருந்தாலும் ஆவுடைக்குப் பின்வாங்க மனமில்லை, அவளுக்கு அந்தப் பிள்ளையின் குரலில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது காதிலேயே நின்றது.

கார்த்திகைக் கடைசியில் சேனை சாய்ந்தது, முதல் நாள் குடையின் ஓரம் மஞ்சளடித்தது, இரண்டாம் நாள் நடுவரை வந்துவிட்டது, தண்டு தளர்ந்து வளைந்து நாலாம் நாள் காலை சாக்கின் விளிம்பில் தலையைப் போட்டுக் கிடந்தது, இவள் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாள், குச்சி நட்டுத் துணியால் கட்டி நிமிர்த்தினாள், அது மறுபக்கம் சாய்ந்தது, பொங்கலுக்கு ஐந்து வாரம் இருக்கிறது, வரும்ட்டி என்று சொல்லியாகிவிட்டது, இனி சாக்கில் என்னத்தைப் போட்டுக்கொண்டு போவது, நெல்லையப்பன் பக்கத்தில் வந்து நின்று, கோயம்பேட்டுல பெருசா ஒண்ணு வாங்கிருவோம்ளா, யாருக்குத் தெரியப் போகுது என்று மெதுவாகச் சொன்னார், எனக்குத் தெரியும்லா என்று அவள் கத்தின கத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அழுதுகொண்டேதான் மைனிக்குப் போன் போட்டாள், சண்டை போட்டு ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தவள், மைனி, சேனை செத்துப் போச்சு என்றாள், இலை பழுத்துப் போச்சு, தண்டு சாஞ்சு போச்சு, குடம் குடமா ஊத்துதேன், எந்திரிக்க மாட்டேங்கு. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது, என்னவென்று புரிய ஆவுடைக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, மைனி சிரிக்கிறாள், எட்டு மாதமாகச் சிரிக்காத பிரமு மைனி வாய்விட்டுச் சிரிக்கிறாள், அடிப் பைத்தியக்காரி, சேனை சாஞ்சாத்தான் கிழங்கு முத்தும், அது கெழங்குக்குள்ள எறங்கிட்டு, தண்ணிய நிறுத்து மொதல்ல, அழுகிரப் போகுது, சாக்க வெயிலுக்குத் தள்ளி வை, தைக்கு அஞ்சு நாள் இருக்கையில தோண்டு என்றாள், இதுகூடத் தெரியாமலா இருவத்தாறு வருசம் சேனை தின்ன, உங்கண்ணன் கேட்டாகன்னா என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டாள், சிரிப்பும் நின்றது. பிறகு மைனி, போ, கொண்டு போ, என்ன வருதுன்னு பாப்போம் என்றாள்.

பஸ் எங்கோ நிற்கிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, ஆவுடைக்குக் கண் சொருகுகிறது, ஏட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரு என்று பக்கத்தில் யாரோ உட்காருகிறார்கள், பார்த்தால் அண்ணன், புருவத்தில் மாவு, மில்லுக்குப் போட்டுக்கொள்கிற கட்டம்போட்ட சட்டை, எங்க ஏறினீக என்கிறாள், எறங்கவே இல்லியே என்கிறார், சாக்கைக் காலால் தொட்டு, என் சாக்குல்லா இது என்கிறார், வாயை அவிழ்க்காமலே உள்ளே கை விட்டுத் துழாவுகிறார், இது சேனை, மூணு கிலோ தேறுமா, சின்னதுதான், பரவாயில்ல, இது சேம்பு, நாலு வச்சு இருவது எடுத்திருக்க, இஞ்சி, மஞ்சள் கொத்து எல ஓரம் லேசாப் பழுத்துட்டு, இருக்கட்டும் என்று கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தவர், இன்னும் துழாவுகிறார், அடிவரைக்கும் துழாவுகிறார், சிறுகிழங்கு எங்கட்டி என்கிறார், கஞ்சி ஊத்திட்டேண்ணே என்று சொல்ல வருகிறாள், வாய் வரவில்லை, அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார், ஏளா, எந்திரி, சேலையூர் வந்துட்டு என்று நெல்லையப்பன் கரும்புத் தோகையால் தட்டுகிறார். முந்தாநாள் தோண்டியபோது இருந்த எடையில் அப்படியேதான் இருந்தது சாக்கு, அவள் தோளில் ஏற்றியபோது, மூன்று கிலோ சேனையும் மற்றதும்தான், ஆனால் அவள் சுமந்து பழகாதவள், நாலு தெரு நடப்பதற்குள் தோள் காந்தியது, நான் வாங்கிக்கிடுதேன் என்று நெல்லையப்பன் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

மரகதம் வாசலில்தான் நின்றாள், கோலப்பொடி டப்பா கையில் இருந்தது, பார்த்ததும் முகம் மாறியது, வாங்க வாங்க என்றாள் நெல்லையப்பனைப் பார்த்து, சாக்கைப் பார்த்து, அத அப்படி வெளிய வச்சிட்டு உள்ள வாங்க, காபி சாப்பிடுவோம் என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள், ஆவுடை தோளிலிருந்து இறக்கவில்லை, எறக்கினா உள்ளதாங்க எறக்குவேன் என்றாள், வேண்டாம்னு சொன்னோம்லா என்றாள் மரகதம், சொன்னீங்க, துக்க வீட்டுலருந்து வேண்டாம்னு சொன்னீங்க, நான் அந்த வீட்டுக்காரி இல்ல, கட்டிக்குடுத்து இருவத்தேழு வருசம் ஆச்சு, என் வீட்டுல தீட்டு தொடக்கு கெடையாது, இது என் வீட்டு பால்கனியில வெளஞ்சது, இந்தா நிக்காரே, இவர் செமந்து போட்ட மண்ணு, ஆனா வெத எங்க அண்ணன் குடுத்தது, போன தைக்கு, உசுரோட, சிரிச்சுக்கிட்டு, அவரே செமந்துட்டு வந்து எங்கிட்ட குடுத்தது, எனக்கு வந்த படியில தின்னது போக மிச்சத்த நட்டுத்தான் இதக் கொண்டாந்திருக்கேன், இதுல துக்கம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், மரகதம் டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள், ஒத்தப் புள்ளைங்க எனக்கு, பயந்துதான் சொன்னேன், வேற ஒண்ணும் மனசுல இல்ல என்றாள், ஆனால் வழியை விட்டு நகரவில்லை. சத்தம் கேட்டுக் கோமதி உள்ளேயிருந்து வந்தது, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, வாங்க அத்த, வாங்க மாமா, சாப்ட்டீங்களா என்று ஆரம்பித்தது, சாக்கைப் பார்த்ததும் நின்றது, கிட்ட வந்து அத்தையின் தோளில் கிடந்த சாக்கில் நீல எழுத்தைத் தடவிப் பார்த்தது, சொ, அப்புறம் பாதி அழிந்த மு, அதன் அப்பன் பிரஷ்ஷால் இழுத்த கோணல் எழுத்து, மூக்கை வைத்து மோந்து பார்த்தது, ஒன்பது மாதம் மண்ணும் தண்ணீரும் குடித்த சாக்கில் மிளகாய் வாசனை போய்விட்டிருந்தது, மண் வாசனைதான் வந்திருக்கும், அப்பா என்று ஒரே ஒரு சொல் சொல்லி அந்தப் பிள்ளை சாக்கோடு சேர்த்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதது, தெருவே பார்க்க, பங்குனியிலிருந்து சேர்த்து வைத்த அவ்வளவையும் அழுதது. மரகதம் கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்தாள், உள்ள வாங்க, வாசல்ல வச்சு என்ன இது என்றாள், ஒதுங்கி வழிவிட்டாள்.

கூடத்தில் சாக்கைச் சரித்தபோது நாலைந்து மண் கட்டி உருண்டது, யாரும் எரிச்சல்படவில்லை, ஆவுடை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள், சேனை, சேம்பு, இஞ்சி, இலையோடு மஞ்சள் கொத்து, எடுத்து வைத்துவிட்டுக் கோமதியின் முகத்தைப் பார்த்தாள், அப்போதுதான் அண்ணன் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரிந்தது, இருபத்தாறு வருஷம் கழித்து. மரகதம் சம்மணமிட்டு உட்கார்ந்து சேனையைப் புரட்டிப் பார்த்தாள், சேம்பை அளைந்தாள், சாக்கைத் தூக்கி உதறினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, என்னங்க இது, சிறுகிழங்கு இல்லாம ஒரு படியா என்றாள், தெற்கத்தி வழக்கம் தெரிந்த தூத்துக்குடிக்காரி, குறை சொல்லிவிட்டாள், குறை சொல்கிறாள் என்றால் படியை எடுத்துக்கொண்டுவிட்டாள், ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது, அண்ணன் பஸ்ஸில் கேட்டதையே கேட்கிறாளே என்று அழுகையும் வந்தது, கஞ்சி ஊத்திட்டேங்க, உப்புக் கஞ்சி என்றாள், ஒலையிலயா உப்பு போடுவீங்க என்றாள் மரகதம், ஆமா என்றாள் ஆவுடை, நாங்களும்தான் என்றாள் மரகதம், இரண்டு பேரும் சிரித்தார்கள், கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே காபி போடப் போனது. கிளம்பும்போது சேனையின் தலைக்குழியை ஆவுடை விரலால் தொட்டுக் காட்டினாள், பொங்கலன்னைக்கு வெட்டும்போது இத மட்டும் தூரப் போட்டுராதட்டி, வெங்காயக் கூடையில போட்டு வை, அங்க ஒண்ணும் இல்லியே என்று குனிந்து பார்த்தது கோமதி, வெறும் குழிதான் இருந்தது, இப்ப தெரியாது, பங்குனி வரட்டும் என்றாள்.

பங்குனி வந்தது, அம்பாசமுத்திரத்தில் அண்ணனின் வருஷத் திவசத்துக்கு மைனி வீட்டு அடுப்படியில் ஆவுடை வாழைக்காய் சீவிக்கொண்டிருக்கிறாள், கோமதிக்கு மசக்கை, பிரயாணம் ஆகாது என்று வரவில்லை, போன்தான் வந்தது, அத்த, மூக்கு விட்டிருக்கு என்றது எடுத்த எடுப்பில், செவப்பா, கட்டவிரல் தண்டி, நாங்க யாரும் தண்ணிகூட ஊத்தல அத்த, அதுபாட்டுக்கு விட்டிருக்கு, பின்னால் மரகதத்தின் குரல், அந்தச் சாக்க எங்கம்மா வச்ச, மண்ணு ரொப்பணும் என்று கேட்கிறது, அம்மாட்ட குடுங்க என்றது பிள்ளை, மைனி ஈரக் கையோடு போனை வாங்கிக் காதில் வைத்தாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், கண்ணைத் துடைத்தாள், அடுத்த தைக்கு உனக்கு நான் படி கொண்டாரேம்மா, அப்பா சேனை என்று அந்தப் பக்கம் சொல்வது ஆவுடைக்கும் கேட்டது, எனக்கெதுக்குட்டி, இங்க இல்லாத கிழங்கா என்று மைனி சொல்ல ஆரம்பித்தாள், அவள் வாயில் அது முடிவதற்குள் ஆவுடை கத்தியைப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள். கொண்டு வாட்டி என்றாள், உங்கம்மா சொல்லுதத கேக்காத, நீ சாக்கோட வா, வெறுங்கையோட வந்தா நீ யாரு, விருந்தாளியா.